எதற்கு அரியது? ‘அரிய’, ‘அரிதான’, ‘அருமையான’ பற்றி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடும்ப மலர் ஒன்று தொகுக்கிறீர்கள். கொள்ளுத் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. மங்கிப்போன படம், பாதி முகம் நிழலில். அதன் கீழே ‘அரிய புகைப்படம்’ என்று எழுதினீர்கள். உறவினர் ஒருவர் அதை ‘அரிதான புகைப்படம்’ என்று திருத்தினார். இன்னொருவர் ‘அருமையான புகைப்படம்’ என்று போட்டால்தான் படிக்க நன்றாக இருக்கும் என்றார். மூன்றும் ஒன்றுதானா, இல்லையென்றால் எதை வைத்துக்கொள்வது? கூடவே ஒரு சந்தேகம்: ‘அரிய வாய்ப்பு’ என்கிற அதே சொல்லை வைத்து ‘அரிய நோய்’ என்றும் எழுதுகிறார்களே, அது நோயைப் பாராட்டுவது போல் இல்லையா?

அந்தக் கடைசிச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

‘அரிய’ பிறக்கும்போதே பாராட்டாகப் பிறந்த சொல் இல்லை. அதன் அடி ‘அரு’, பண்புப்பெயர் ‘அருமை’. அதற்கு எதிர்ச்சொல் எளிமை. அரிது என்றால் எளிது இல்லாதது, அதாவது கடினமானது. அவ்வளவுதான். ‘அருமை’ என்று கேட்டவுடனே ‘பிரமாதம்’ என்று நம் மனம் ஓடிவிடுகிறதே, அந்தப் பொருள் வெகு காலம் கழித்து வந்து சேர்ந்தது. திருக்குறளின் 611ஆம் குறளைப் பாருங்கள்:

‘அருமை உடைத்தென்று அசாவாமை வேண்டும்
பெருமை முயற்சி தரும்.’

இன்றைய பொருளை வைத்துப் படித்தால் இந்தக் குறள் தலைகீழாகிவிடும். ‘அருமையாக இருக்கிறது என்று சோர்ந்து போகாதே’ என்று யாராவது சொல்வார்களா? ‘கடினமாக இருக்கிறது என்று சோர்ந்து போகாதே’ என்பதுதான் சொல்ல வந்தது. இங்கே அருமை என்பது முழுக்க முழுக்கக் கஷ்டம்.

சங்கப் பாடல்களில் தலைவன் பொருள் தேடிக் கடந்து போகும் பாலை நிலத்துக்கு ‘அருஞ்சுரம்’ என்று பெயர். தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, வழிப்பறிக் கூட்டம் வேறு. அதை ‘அருமையான பாலைவனம்’ என்று யாரும் பொருள் கொள்ள முடியாது. கடப்பதற்கு அரிய சுரம். பகைவரால் பிடிக்க முடியாத கோட்டை ‘ஆரெயில்’. இன்னும் ஒரு படி போய், வள்ளுவர் இந்த ‘அரு’வைக் கண்டனமாகவே பயன்படுத்தியிருக்கிறார். ‘அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம் பேஎய்கண் டன்னது உடைத்து’ (565). செவ்வி என்பது ஒருவரைப் போய்ப் பார்ப்பதற்கான நேரம். எளிதில் பார்க்கக் கிடைக்காதவன், பார்த்தாலும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்பவன், அப்படிப்பட்டவனிடம் உள்ள செல்வம் பேய் காத்துக்கொண்டிருக்கும் செல்வம் போன்றது என்கிறார். அவன் ‘அரிய மனிதன்’தான். ஆனால் எந்த அர்த்தத்தில் என்று பாருங்கள்.

இந்த உதாரணங்களில் ஒரு பொது விஷயம் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே அதுதான். ‘அரிய’ என்ற சொல்லுக்குள் ‘எதற்கு?’ என்று ஒரு கேள்வி எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. எதற்கு அரிய? கடப்பதற்கு, பிடிப்பதற்கு, பார்ப்பதற்கு, செய்வதற்கு, பெறுவதற்கு. பழந்தமிழ் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வெளிப்படையாகவே பதில் சொல்லிவிடும். செயற்கரிய, பெறற்கரிய, காண்டற்கரிய, கொளற்கரிது. இன்றைய தமிழில் அந்த முன்பாதி உதிர்ந்துவிட்டது. ‘அரிய’ மட்டும் தனியே நிற்கிறது. தனியே நிற்பதால் அது வெறும் புகழ்ச்சியோ என்று தோன்றுகிறது.

எதற்கு, யாருக்கு என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 745ஆம் குறளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கோட்டையைப் பற்றியது அது: ‘கொளற்கரிதாய்க் கொண்டகூழ்த் தாகி அகத்தார் நிலைக்கெளிதாம் நீரது அரண்.’ வெளியே நிற்கும் பகைவனுக்குக் கைப்பற்ற அரிது. உள்ளே இருப்பவனுக்கு நின்று போரிட எளிது. கோட்டை ஒன்றுதான், மதில் ஒன்றுதான். அரிதா எளிதா என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது.

சரி, கஷ்டம் எப்படிப் பாராட்டாக மாறியது?

இதற்கு ஒரு காட்சி போதும். அதியமான் அவ்வைக்குக் கொடுத்த நெல்லிக்கனியின் கதை எல்லோருக்கும் தெரியும். அதை அவ்வையே பாடிய பாட்டு புறநானூற்றில் 91ஆவது. அதில் கனி எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அடி இது: ‘பெருமலை விடரகத்து அருமிசைக் கொண்ட சிறியிலை நெல்லித் தீங்கனி.’ விடர் என்றால் மலைப்பிளவு. மிசை என்றால் உச்சி. அருமிசை, ஏறுவதற்கு அரிய உச்சி. கவனியுங்கள், ‘அரு’ என்ற சொல் கனிக்கு முன்னால் வரவில்லை. அவ்வை கனியை ‘அருங்கனி’ என்று சொல்லவில்லை, ‘தீங்கனி’, இனிய கனி என்றுதான் சொல்கிறாள். அரியதாக இருந்தது மலை. ஏறுவது கஷ்டமாக இருந்தது. ஆனால் நாம் இன்று அந்தக் கதையைச் சொல்லும்போது ‘அரிய நெல்லிக்கனி’ என்கிறோம். மலையின் கஷ்டம் கனியின் மதிப்பாக இறங்கி வந்துவிட்டது. இந்தச் சொல்லின் வரலாறே இந்த ஒரு மலையிறக்கம்தான் என்று சொல்லலாம்: அடைவது கடினம், அதனால் பலருக்குக் கிடைப்பதில்லை, பலருக்குக் கிடைக்காததால் மதிப்பு அதிகம், மதிப்பு அதிகமானதால் சிறந்தது.

நடுவழியில் இருக்கும் நிலையையும் காட்டலாம். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும் இடத்தில் ‘அரும்பெறல் பாவாய் ஆருயிர் மருந்தே’ என்று வருகிறது. அரும்பெறல், அதாவது பெறுவதற்கு அரிய. ‘எதற்கு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதே நேரத்தில் அது கொஞ்சலாகவும் ஆகிவிட்டது. கஷ்டமும் அன்பும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்கும் அழகான இடம் அது.

அங்கிருந்து ‘அருமை மகள்’, ‘அருமைத் தம்பி’ எல்லாம் வெகு தூரமில்லை. ‘அருமையாக வளர்த்த பிள்ளை’ என்றால் திறமையாக வளர்த்த பிள்ளை என்று பொருள் இல்லை, கிடைத்தற்கரிய பொருளைப் போலப் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை. ‘அருமந்த பிள்ளை’ என்று ஒரு சொல் உண்டு, சில இடங்களில் பேச்சில் ‘அருமாந்த’ என்றும் வரும். இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழக்கமான உதாரணம்: ‘அருமருந்தன்ன பிள்ளை’ என்பதுதான் தேய்ந்து ‘அருமந்த பிள்ளை’ ஆயிற்று. அரு மருந்து அன்ன, கிடைக்காத மருந்தைப் போன்ற பிள்ளை. வீட்டில் ஒருவர் நோயில் கிடக்க, அந்த மருந்து மட்டும் எங்கும் கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு இந்த உவமையின் கனம் புரியும். எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் இந்தச் சொல்லைச் சொல்லும்போது ‘மா’வை ஒரு விரற்கடை நீட்டித்தான் சொல்வார்: ‘அருமா…ந்த புள்ள’. எழுத்தில் மூன்று எழுத்து விழுங்கப்பட்டிருந்தாலும், அவர் குரலில் அந்த மருந்து அப்படியே இருந்தது.

இதற்கு நேர் எதிரே இன்னொரு பயன்பாடு: ‘அருமை தெரிவது’. ‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்.’ ‘உப்பின் அருமை உப்பு இல்லாவிட்டால் தெரியும், அப்பன் அருமை அப்பன் இல்லாவிட்டால் தெரியும்.’ இந்தப் பழமொழிகளில் வரும் பொருள்கள் எதுவும் அபூர்வமானவை அல்ல. உப்பு எல்லா வீட்டிலும் இருக்கிறது. நிழல் எங்கும் விழுகிறது. அருமை என்பது பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் இல்லை, இழந்தபின் மறுபடி பெறுவது எவ்வளவு கடினம் என்று தெரியவரும்போது நம் பக்கத்தில் உண்டாகும் உணர்வு என்று மக்கள் வழக்கு எப்போதோ கண்டுகொண்டுவிட்டது.

ஒரு சின்ன விஷயம், வழியில் சொல்லிவிட்டுப் போகிறேன். அருமைக்கு எதிர்ச்சொல் எளிமை என்றேன். இன்று ‘எளிமையான மனிதர்’ என்பதும் பாராட்டு, ‘அருமையான மனிதர்’ என்பதும் பாராட்டு. ஒரே ஆளைப் பற்றி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். எதிரும் புதிருமாக இருந்த இரண்டு சொற்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு வருகின்றன. ஆனால் ‘அரிது’, ‘எளிது’ என்ற வடிவங்களில் பழைய எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. சொல்வது எளிது, செய்வது அரிது. ‘சொல்லுதல் யார்க்கும் எளிய அரியவாம் சொல்லிய வண்ணம் செயல்’ (664) என்ற குறளை இன்றும் உரை இல்லாமலே புரிந்துகொள்கிறோம்.

இப்போது ‘அரிய நோய்’க்கு வரலாம். ‘எதற்கு அரிய?’ என்று கேட்டுப் பாருங்கள். காணப்படுவதற்கு அரிய நோய். கேள்விக்குப் பதில் கிடைக்கிறது, ஆகவே சொல் தவறில்லை. உங்களுக்கு உறுத்துவதும் நியாயம்தான், ஏனென்றால் நெல்லிக்கனியிலிருந்து இறங்கிய மதிப்பு இந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த உறுத்தலைத் தவிர்க்கத்தான் ‘அரிதான’ என்ற வடிவம் கைகொடுக்கிறது. ‘அரிதான நோய்’ என்றால் எண்ணிக்கையில் குறைவு என்பது மட்டுமே கேட்கிறது, பாராட்டு கேட்பதில்லை. மரண தண்டனை பற்றிய நீதிமன்றச் செய்திகளில் ‘அரிதிலும் அரிதான வழக்கு’ என்று படித்திருப்பீர்கள். 1980இல் பச்சன் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் அது. அங்கே ‘அரியவற்றுள் அரிய வழக்கு’ என்று எழுதினால் ஏதோ கௌரவம் கொடுத்ததுபோல் ஆகிவிடும். எழுதியவர்கள் யோசித்தார்களோ இல்லையோ, காது சரியாகத் தேர்ந்துகொண்டது.

அரிது என்பதே ஒன்றன்பால் முற்று, அதனோடு ‘ஆன’ எதற்கு, ‘அரிய’ இருக்கும்போது ‘அரிதான’ தேவையா என்று கேட்கும் தமிழாசிரியர்கள் உண்டு. எளிதான, பெரிதான என்று வழங்குவதைப் போல இதுவும் நிலைத்துவிட்டது. பாராட்டைக் கழித்துவிட்டுப் பொருளை மட்டும் சொல்ல ஒரு வடிவம் கிடைத்திருக்கும்போது அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

எதற்கு என்று கேட்கும் பழக்கம் மொழிக்கு வெளியேயும் பயன்படும். அருமண் தனிமங்கள் என்று 17 தனிமங்களைச் சொல்கிறார்கள், செய்திகளில் ‘அரிய வகை மண் தாது’ என்று வரும். கைப்பேசியிலிருந்து காற்றாலை வரை அவை இல்லாமல் நடக்காது. பெயரைக் கேட்டால் பூமியில் துளித்துளியாக மட்டுமே இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அவற்றில் ஒன்றான சீரியம், பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய செம்பு அளவுக்கு இருக்கிறது. குமரிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்திலும் இந்தத் தனிமங்கள் உண்டு. அப்படியானால் அருமை எங்கே? ஓரிடத்தில் திரண்டு கிடைப்பது குறைவு, ஒன்றோடொன்று குணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் தனித்தனியே பிரித்தெடுப்பது பெரும்பாடு. அவை இருப்பதற்கு அரியவை இல்லை, பிரித்தெடுப்பதற்கு அரியவை. தமிழில் ‘அரு’ என்று பெயர் வைத்தது, அதன் மூலப் பொருளோடு பார்த்தால், மிகச் சரி.

குறிஞ்சிப் பூவும் அப்படித்தான். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். மூணாறு பக்கம் இரவிகுளத்தில் 2006இல் பூத்தது, அப்புறம் 2018இல் பூத்தது. அதை ‘அரிய மலர்’ என்று எழுதுகிறார்கள். ஆனால் பூக்கும் ஆண்டில் மலைச்சரிவு முழுக்க நீலம்தான், காலை வைக்க இடமிருக்காது. அந்தச் சமயத்தில் ஒரு பூவைக் கையில் எடுத்துக்கொண்டு இது அரியது என்று சொன்னால் பக்கத்தில் இருக்கும் லட்சம் பூக்கள் என்ன சொல்லும்? அரியது மலர் இல்லை, அந்தப் பருவம். ‘காண்பதற்கு அரிய காட்சி’ என்று எழுதினால் சொல் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

‘அத்தி பூத்தாற்போல’ என்ற வழக்கில் இதன் மறுபக்கம் இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை வருகிறவரைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம். அத்தி நன்றாகவே பூக்கிறது, ஆண்டுதோறும் பூக்கிறது. நாம் காய் என்று நினைக்கும் அந்த உருண்டையின் உட்சுவர் முழுவதும் பூக்கள்தான். நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகக் குளவி ஒன்று உள்ளே போய் மகரந்தம் சேர்க்கிறது. இளங்காயை நறுக்கிப் பார்த்தால் உள்ளே நெருக்கமாக நூற்றுக்கணக்கில் தெரியும். வெளியே நின்று பார்க்கிற கண்ணுக்கு மட்டும் அது அகப்படுவதில்லை. காண்டற்கு அரிது, உண்டாவதற்கு எளிது.

அண்டைச் சொற்களையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். சிறப்பானதைச் சொல்லத் தமிழில் இருக்கும் சொற்கள் வெவ்வேறு வழிகளில் நடந்து வந்து ஒரே இடத்தில் சந்தித்தவை. வழி தெரிந்தால் எதை எங்கே வைப்பது என்பதும் தெரியும்.

‘அபூர்வம்’ வடசொல். பூர்வம் முன்பு, அபூர்வம் முன்பு இல்லாதது. அதன் கண் காலத்தின் மேல். அதனால்தான் ‘அபூர்வமாகத்தான் வருவார்’ என்று அடிக்கடி நடக்காததைச் சொல்ல அது இயல்பாக வருகிறது. பேச்சில் ‘அரிது’ ஏறக்குறைய வழங்குவதில்லை, அந்த இடத்தை அபூர்வம்தான் பிடித்திருக்கிறது. பெரியவர்கள் சிலர் மட்டும் ‘அவர் வருவதே அருமை’ என்று இன்னும் பழைய பொருளில் சொல்வார்கள். அது அவர் வரவைப் புகழ்வது என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிவிடாதீர்கள், வருவதே இல்லை என்ற குறை அது.

‘அலாதி’ எனக்குப் பிரியமான சொல். உருது வழியாக வந்தது. மூலத்தில் ‘தனியாக, வேறாக’ என்பதுதான் பொருள். ‘அவள் குரல் அலாதி’ என்னும்போது மற்றக் குரல்களோடு சேர்க்காமல் தனியே எடுத்து வைக்கிறோம். ‘விசேஷம்’ என்ற சொல்லும் வேறுபாடு என்ற பொருளில் தொடங்கிச் சிறப்பு என்று ஆகி, கடைசியில் வீட்டில் நடக்கும் நல்ல காரியத்துக்கே பெயராகிவிட்டது. நம் சொந்தச் சொல்லான ‘தனி’யும் இதே பாதைதான்: ‘அது ஒரு தனி அழகு.’ இந்த மூன்றும் ‘மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது’ என்ற வழியில் சிறப்புக்கு வந்தவை. இவற்றுக்கு உழைப்போ கஷ்டமோ தேவையில்லை. ஒருவரின் சிரிப்பு அலாதியாக இருக்கலாம், அதற்காக அவர் ஒன்றும் மலை ஏறவில்லை.

‘நூதனம்’ புதுமை. இது இப்போது கொஞ்சம் வழக்கு குறைந்த சொல், ‘நூதன முறையில் திருட்டு’ என்று செய்தித் தலைப்புகளில்தான் அதிகம் பார்க்கிறோம். ஆனால் இலங்கைத் தமிழில் அதற்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. நாம் அருங்காட்சியகம் என்பதை அங்கே நூதனசாலை என்கிறார்கள். சிங்கப்பூரில் அரும்பொருளகம். ஒரே வகைக் கட்டடம்; ஓரிடத்தில் பார்ப்பவருக்குப் புதுமையானது என்ற கோணம், மற்ற இரண்டிடத்தில் வேறெங்கும் கிடைப்பதற்கு அரியது என்ற கோணம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அங்கே இருக்கும் செப்புத் திருமேனிகளின் முன் நிற்கும்போது, ‘அருங்காட்சி’ என்ற சொல்லைப் படைத்தவருக்கு மனத்துக்குள் ஒரு வணக்கம் சொல்லத் தோன்றும்.

‘அரும்பதம்’, ‘அருஞ்சொல்’ என்பவற்றையும் இங்கே சேர்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் ‘அருஞ்சொற்பொருள்’ என்று பார்த்திருப்பீர்கள். அது அழகான சொற்களின் பட்டியல் இல்லை, பொருள் விளங்குவதற்கு அரிய சொற்களின் பட்டியல். சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை என்றே ஒரு பழைய உரை இருக்கிறது, அதை எழுதியவர் பெயர் தெரியாததால் அவரையே அரும்பதவுரையாசிரியர் என்று அழைக்கிறோம். உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபோது அந்த உரையையும் சேர்த்தே பதிப்பித்தார். ‘அரு’வின் மூலப் பொருள் கலப்பில்லாமல் இன்றும் உயிரோடு இருக்கும் இடங்களில் இது ஒன்று. ‘அரும்பாடு பட்டு’ இன்னொன்று.

இனி எழுதும்போது கவனிக்க வேண்டியது. முதலில் ஒற்று, ஏனென்றால் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். ‘அரிய’ என்பது பெயரெச்சம், அதன் பின் வல்லினம் மிகாது. அரிய புகைப்படம், அரிய தகவல், அரிய கலை. ‘அரியப் புகைப்படம்’ என்று எழுதுவது பிழை, ‘அரிதானப் படம்’, ‘அருமையானக் கட்டுரை’ என்பவையும் பிழை. ஆனால் ‘அருமை’ என்ற பெயர் நேரடியாக இன்னொரு பெயரோடு சேர்ந்தால் மிகும்: அருமைத் தம்பி, அருமைக் குழந்தை. ‘ஆக’ வந்தாலும் மிகும்: அருமையாகப் பாடினார், அரிதாகக் கிடைக்கும்.

சேர்க்கைச் சொற்கள் உருவாகும் விதத்தையும் தெரிந்துகொண்டால் புதிதாகச் சொல் படைக்கும்போது தடுமாற வேண்டாம். பண்புப்பெயர்கள் எப்படித் திரியும் என்பதை நன்னூல் ‘ஈறு போதல், இடை உகரம் இ ஆதல், ஆதி நீடல்’ என்று அடுக்கிச் சொல்லும். அருமையில் ‘மை’ போனால் ‘அரு’. பின்னால் வல்லினம் வந்தால் அதற்கு இனமான மெல்லினம் நடுவே வரும்: அருஞ்செயல், அரும்பணி, அருங்குணம், அருந்தவம். நடு உகரம் இகரமானால் அரிய, அரியன், அரிது. பின்னால் உயிரெழுத்து வந்தால் முதல் எழுத்து நீளும்: ஆருயிர், ஆரமுது, ஆரணங்கு. பெருமை என்ற சொல் ‘பெருங்கடல்’ என்றும் ‘பேரூர்’ என்றும் ஆவதும் இதே கணக்குதான். ‘ஆருயிர் நண்பன்’ என்று எழுதும் பலருக்கு அந்த ‘ஆர்’ அருமையின் மறுவடிவம் என்று தெரிந்திருப்பதில்லை.

செயற்கரிய என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. ‘செயற்கரிய செய்வார் பெரியர்’ (26) என்பதில் வரும் ‘அரிய’ பெயரெச்சம் இல்லை. அது ‘அரியவற்றை’ என்று பொருள்படும் பெயர், பலவின்பால். செய்வதற்கு அரியவற்றைச் செய்பவர் பெரியவர். இன்று மேடையில் ‘செயற்கரிய சாதனை’, ‘செயற்கரிய சேவை’ என்று அதையே அடைமொழியாக்கிச் சொல்கிறார்கள். அதுவும் சரிதான், தமிழ் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் குறளைப் படிக்கும்போது ‘செயற்கரிய…’ என்ன, எதைச் செய்வார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், எழுவாயும் செயப்படுபொருளும் அங்கேயே இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் ‘அருமை’ என்று போடுவது பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அருமையான பதிவு, அருமையான கருத்து, அருமை, மிக அருமை. இது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சொல் தன் பொருளை விரித்துக்கொண்டு போய்விட்டது, மக்கள் பேச்சில் ‘நன்றாக இருக்கிறது’ என்பதன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது, அதை எழுப்பி அனுப்ப யாராலும் முடியாது, அனுப்பவும் வேண்டாம். ஒருவரை மனம் நிறையப் பாராட்டும்போது அந்தச் சொல் வாயில் வருகிறதே, அதில் பொய் ஒன்றுமில்லை. நான் கேட்டுக்கொள்வது எழுதுகிறவர்களிடம் மட்டும்: பேச்சில் ‘அருமை’ தாராளமாக இருக்கட்டும், எழுத்தில் ‘அரிய’ என்ற வடிவத்தையாவது அதன் பழைய கனத்தோடு காப்பாற்றுங்கள். ‘அரிய தகவல்கள்’ என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே எல்லோருக்கும் தெரிந்ததை எழுதினால், அடுத்த முறை உண்மையிலேயே அரிய ஒன்று கையில் கிடைக்கும்போது அதைச் சொல்லச் சொல் இருக்காது.

இப்போது உங்கள் கொள்ளுத் தாத்தாவின் படம். ‘அருமையான புகைப்படம்’ வேண்டாம். அது படம் எடுத்தவரின் திறமையைச் சொல்லும், பாதி முகம் நிழலில் இருக்கும் படத்துக்கு அது பொருந்தாது. ‘அரிதான’ என்பதில் பிழை இல்லை, ஆனால் அது எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும், சொந்தத் தாத்தாவின் படத்தின் கீழே கொஞ்சம் குளிராக இருக்கும். நீங்கள் முதலில் எழுதிய ‘அரிய’தான் சரியான சொல். ‘ப்’ போடாமல் ‘அரிய புகைப்படம்’ என்றே எழுதுங்கள். இடம் இருந்தால் எதற்கு அரியது என்பதையும் சேர்த்துவிடுங்கள்: யாருடைய பெட்டியில் இருந்தது, எத்தனை வீடு தேடிய பிறகு கிடைத்தது, படத்தில் அவருக்கு என்ன வயது இருக்கும். அந்த இரண்டு வரியைப் படிக்கும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ‘அரிய’ என்ற அடைமொழியே தேவைப்படாமல் போகலாம். அப்படி ஆனாலும் எனக்குச் சம்மதம்தான்.